தாராவி பாடம் தாதருக்கு ஏன் போகவில்லை

2020 ஜூலை 10ஆம் தேதி உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் டெட்ரோஸ் நான்கு பெயர்களைச் சொன்னார். கொரோனா கைமீறிப் போன இடத்திலும் அதை அடக்கிவிட முடியும் என்பதற்கான உதாரணங்கள் அவை. இத்தாலி, ஸ்பெயின், தென்கொரியா, நான்காவதாகத் தாராவி. முதல் மூன்றும் நாடுகள். நான்காவது, இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்குள் சுமார் எட்டரை லட்சம் பேர் நெருக்கியடித்து வாழும் மும்பைப் பகுதி. அவ்வாண்டு ஏப்ரல் 1ஆம் தேதி அங்கே முதல் நோயாளி தெரியவந்தபோது, தாராவி இனி அவ்வளவுதான் என்று பேசாத வாய் இல்லை. மூன்றே மாதத்தில் அந்தப் பேச்சு மாறி, ‘தாராவி மாடல்’ என்ற பெயர் பிறந்தது.

அதற்குப் பிறகு நிர்வாகக் கருத்தரங்குகளில் இந்தப் பெயர் படாத பாடு படுகிறது. ஒரு கிளையில் வெற்றி பெற்ற நடைமுறை மற்ற கிளைகளுக்கு ஏன் பரவுவதில்லை என்பது எந்தப் பெரிய நிறுவனத்துக்கும் தீராத தலைவலி. அதற்கு மருந்தாகத் தாராவியைக் காட்டுகிறார்கள்: நல்லது நடந்தது, அதை எழுதி வைத்தார்கள், பகிர்ந்தார்கள், மற்றவர்களும் பயன் பெற்றார்கள் என்று. இந்தக் கதையில் எவ்வளவு தேறும் என்று உரசிப் பார்ப்பதுதான் இங்கே நோக்கம்.

தாராவி தனி வார்டு இல்லை. மும்பை மாநகராட்சியின் ஜி வடக்கு வார்டில் தாராவி, தாதர், மாஹிம் மூன்றும் அடக்கம். வார்டு ஆபீஸ் இருப்பதே தாதரில், பிளாசா தியேட்டருக்குப் பின்னால். அப்போதைய உதவி ஆணையர் கிரண் திகாவ்கர் மூன்று பகுதிக்கும் ஒரே அதிகாரி. சுகாதாரப் பிரிவும் ஒன்று, உத்தரவு போடும் மேஜையும் ஒன்று. ஆனால் தாராவி அடங்கத் தொடங்கியதும் தினசரிக் கணக்கில் தாதரும் மாஹிமும் அதை முந்தின. 2020 முடியும்போது மொத்தக் கணக்கிலும் முந்தியிருந்தன. மக்கள்தொகையில் இரண்டுமே தாராவியைவிடச் சிறியவை. டிசம்பர் 25ஆம் தேதி தாராவியில் புதிய நோயாளி ஒருவர்கூட இல்லை என்று செய்தி வந்தபோது, ரயில் பாதையைத் தாண்டினால் நிலைமை அப்படி இல்லை.

இந்தச் சின்ன விவரத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் பார்வையில் விஷயமே இதில்தான் இருக்கிறது. நிறுவனத்துக்குள் அறிவு பரவாததற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் எதுவும் இங்கே செல்லாது. கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே ஆள். அவருக்கும் அவருக்கும் இடையே பொறாமை இருக்க வழியில்லை. ‘எங்கள் இடத்துக்கு இதெல்லாம் ஒத்துவராது’ என்ற வீம்பும் இல்லை. பிறகு ஏன் போகவில்லை?

வழக்கமான காரணங்களில் முதலாவது, தெரிந்தவர்கள் சொல்வதில்லை என்ற குற்றச்சாட்டு. பதவிக்கு ஆபத்து, பெருமை பறிபோகும், அடுத்த பிரிவு முன்னேறிவிடும் என்றெல்லாம் பயந்து வித்தையைப் பொத்தி வைக்கிறார்கள் என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நம் ஊர் ஆபீஸ்களில் இப்படி ஒருவரைச் சந்திக்காதவர் இருக்க முடியாது. ஆனால் ஆய்வுகள் இதை அவ்வளவாக ஆதரிப்பதில்லை. கேப்ரியல் சுலான்ஸ்கி 1996இல் வெளியிட்ட, இந்தத் துறையில் இன்றும் எல்லோரும் எடுத்துக்காட்டும் ஆய்வு, எட்டு நிறுவனங்களுக்குள் நடந்த 122 நடைமுறைப் பரிமாற்றங்களை ஆராய்ந்தது. மனமில்லாமை பின்வரிசையில்தான் நின்றது. முன்வரிசையில் வந்தவை மூன்று: வாங்குபவரிடம் உள்வாங்கிக்கொள்ளும் தயார்நிலை இல்லாதது, எதனால் பலன் வந்தது என்று செய்தவருக்கே தெளிவாகத் தெரியாதது, இருவருக்கும் இடையே பேச்சுவார்த்தை சுமுகமாக இல்லாதது.

ஜெராக்ஸ் கம்பெனியின் அனுபவமும் இதே பக்கம்தான் சாய்கிறது. அங்கே இயந்திரம் பழுது பார்ப்பவர்களோடு பழகி ஜூலியன் ஓர் எழுதிய புத்தகமும் 1996இல் வந்தது. கம்பெனி கொடுத்த கையேடு ஒரு பக்கம் கிடக்க, உண்மையான வித்தை காலைச் சாப்பாட்டு மேஜையில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் கதைகளில் இருந்தது என்று அவர் காட்டினார். அந்த மெக்கானிக்குகள் எதையும் ஒளிக்கவில்லை. கேட்க ஆள் இருந்தால் போதும் என்று கொட்டினார்கள். ஆகவே ‘மனிதர்கள் கஞ்சர்கள்’ என்ற முதல் காரணத்தைத் தள்ளிவிடலாம். தாராவியிலும் அது கிடையாது. திகாவ்கர் பேட்டி கொடுக்காத பத்திரிகை குறைவு.

சுலான்ஸ்கியின் மூன்றில் முதலும் கடைசியும் தாதர் விஷயத்தில் தாமாகவே உதிர்ந்துவிடுகின்றன. மிஞ்சுவது நடுவில் உள்ளது: எதனால் பலன் வந்தது?

தாராவியில் என்ன செய்தார்கள் என்று கிட்டே போய்ப் பார்க்கலாம். முதலில் உள்ளூர்த் தனியார் மருத்துவர்களைச் சேர்த்துக்கொண்டு வீடுவீடாகப் போனார்கள். ஏப்ரல் வெயில், காற்று நுழையாத சந்து, உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை மூடிய காப்புடை. சில நாட்களிலேயே மூச்சு முட்டியது. தாக்குப்பிடிக்க முடியவில்லை. அதை விட்டுவிட்டு, ஆங்காங்கே காய்ச்சல் முகாம் போட்டு மக்களை அங்கே வரவழைத்தார்கள். மூடிக் கிடந்த தனியார் கிளினிக்குகளைத் திறக்கச் சொன்னார்கள். மாநகராட்சி வேனைக் கண்டு கதவைச் சாத்திக்கொண்டவர்கள், பத்து வருஷமாகத் தங்கள் பிள்ளைக்கு ஊசி போட்ட டாக்டர் கூப்பிட்டால் வந்தார்கள். எண்பது சதவீதம் பேருக்குப் பொதுக்கழிப்பறைதான் கதி என்பதால், சுமார் 450 கழிப்பறைகளை ஒரு நாளில் பல முறை மருந்தடித்துக் கழுவினார்கள். ஒரே அறையில் எட்டுப் பேர் வாழும் வீட்டில் ‘தனித்திரு’ என்பது கேலிப் பேச்சு என்று தெரிந்து, பள்ளிக்கூடங்களிலும் விளையாட்டு வளாகத்திலும் இடம் ஏற்பாடு செய்து, மூன்று வேளைச் சாப்பாடும் போட்டு வைத்துக்கொண்டார்கள். நோய் பெருகும் வேகம் ஏப்ரலில் நாளுக்கு 12 சதவீதமாக இருந்தது, ஜூனில் ஒரு சதவீதத்துக்கு வந்தது என்பது மாநகராட்சியின் கணக்கு.

இத்தனையும் நடைமுறை என்று வைத்துக்கொண்டால், மாடல் என்ற பெயரில் வெளியே போனது என்ன? டிரேசிங், டிராக்கிங், டெஸ்டிங், டிரீட்டிங் என்ற நான்கு ‘டி’க்கள். எந்த நகரத்தின் சுவரிலும் ஒட்டலாம். கழிப்பறை அதில் இல்லை. வீடுவீடாகப் போய்த் தோற்றது இல்லை. பழகிய டாக்டர் இல்லை, மூன்று வேளைச் சோறு இல்லை. தோற்றுப் போன முதல் முயற்சியைச் சொல்லாமல் காய்ச்சல் முகாமை மட்டும் சொன்னால், கேட்கிற அடுத்த வார்டு அதிகாரி மறுபடியும் முதலிலிருந்து தோற்க வேண்டியதுதான்.

சரி, இவ்வளவையும் முழுசாக எழுதிக் கொடுத்திருந்தால் போதுமா? அங்கேயும் சிக்கல். தாராவி அடங்கியதற்கு இந்த நடவடிக்கைகள்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஊரடங்கில் வேலை போய், ஒன்றரை லட்சம் பேர் வரை தாராவியை விட்டு சொந்த ஊருக்குப் போயிருக்கலாம் என்று அதிகாரிகளே சொன்னார்கள். சோதனைகள் போதவில்லை, அதனால்தான் எண்ணிக்கை குறைந்து தெரிகிறது என்ற விமர்சனமும் எழுந்தது. இவற்றையெல்லாம்விடப் பெரிய குண்டு ஜூலை கடைசியில் வந்தது. நிதி ஆயோக், மாநகராட்சி, டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் சேர்ந்து மூன்று வார்டுகளில் 6,936 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்ததில், குடிசைப் பகுதிகளில் 57 சதவீதம் பேருக்கும் மற்ற இடங்களில் 16 சதவீதம் பேருக்கும் எதிர்ப்பொருள் இருந்தது. அதாவது சேரிகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு நோய் ஏற்கெனவே வந்து போய்விட்டிருந்தது. தாராவி அடங்கியதாக நாம் நினைத்தது, எரிய வேண்டியதெல்லாம் எரிந்து முடிந்த பிறகு வந்த அமைதியாக இருக்கலாம்.

இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். அந்த மூன்று வார்டுகள் மாட்டுங்கா அடங்கிய எஃப் வடக்கு, செம்பூர் அடங்கிய எம் மேற்கு, தஹிசர் அடங்கிய ஆர் வடக்கு. தாராவி இருக்கும் ஜி வடக்கு அதில் இல்லை. 57 சதவீதத்தைத் தூக்கித் தாராவி தலையில் வைத்து ‘மாடலே பொய்’ என்று எழுதியவர்கள், மாடலைக் கொண்டாடியவர்கள் அளவுக்கே அவசரப்பட்டவர்கள். கழிப்பறை கழுவியதும் தனிமை முகாமும் சாவைத் தள்ளிப்போட்டு, மருத்துவமனைகள் மூச்சு விட இடம் கொடுத்திருக்கும் என்பதை நான் நம்புகிறேன். எந்தப் பங்கு எதற்கு என்று பிரித்துக் காட்டத்தான் யாராலும் முடியாது.

தாதருக்கு இப்போது வரலாம். அங்கே வீட்டுக்குள்ளேயே கழிப்பறை உண்டு, குடும்ப டாக்டர் உண்டு, தனி அறை உண்டு. அதனால் வீட்டிலேயே இருந்துகொள்கிறோம் என்றார்கள். அதற்கு அனுமதியும் இருந்தது. காய்ச்சல் முகாமுக்கு யாரும் வரிசையில் வந்து நிற்கப் போவதில்லை. காசு கொடுத்துச் சோதனை செய்துகொள்ள முடிந்ததால், கணக்கில் எண்ணிக்கை கூடித் தெரிந்ததும் உண்மை. ஊரடங்கு தளர்ந்து ஆபீசும் கடையும் திறந்தபோது வெளியே போனவர்களில் இதுவரை நோய் தொடாதவர்கள் இங்கேதான் அதிகம். தாராவியில் செய்த எந்த வேலையையும் அப்படியே இங்கே செய்ய இடமில்லை. செய்த கையே வந்தாலும், பிடித்துக்கொள்ளக் கைப்பிடி வேண்டுமே.

வட மும்பையில் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. 2020 ஜூன் கடைசியில் முலுண்ட், பாண்டுப், மலாட், காந்திவலி, போரிவலி, தஹிசர் பகுதிகளுக்கு மாநகராட்சி ஒரு விரைவு நடவடிக்கைத் திட்டத்தை அறிவித்தது. தாராவியிலும் வொர்லியிலும் பலித்த வழியை இங்கேயும் செய்யலாம் என்பதுதான் நம்பிக்கை. நடமாடும் மருத்துவ வேன்கள் போயின. ஆனால் அதற்குப் பிந்தைய மாதங்களில் நோய் சேரியிலிருந்து அடுக்குமாடிகளுக்கு நகர்ந்தது. செப்டம்பரில் மேற்குப் புறநகரின் கட்டடங்கள்தான் பட்டியலில் முன்னே நின்றன. வேன் சொசைட்டி கேட்டில் நிற்கும். வாட்ச்மேன் உள்ளே விடலாமா என்று செகரட்டரிக்கு போன் போடுவார்.

இதே மாநகராட்சியில் இதே ஜூன் மாதத்தில் இன்னொன்று பரவியது, வேகமாகவும் ஒழுங்காகவும். 24 வார்டுகளிலும் ‘வார் ரூம்’ அமைத்தார்கள். அதற்கு முன் படுக்கை வேண்டுமென்றால் நகரம் முழுக்க 1916 என்ற ஒரே எண்ணைத்தான் அழுத்த வேண்டும்; மணிக்கணக்கில் லைன் கிடைக்காது. ஆணையர் இக்பால் சிங் சஹல் வந்த பிறகு, பரிசோதனைக்கூட முடிவுகள் நோயாளிக்குப் போகும் முன் மாநகராட்சிக்கு வர வேண்டும் என்றானது. வந்த பட்டியலை வார்டுவாரியாகப் பிரித்து விடியற்காலையில் அனுப்பிவிடுவார்கள். வார்டு ஆட்கள் நோயாளியைக் கூப்பிட்டு, அறிகுறி விசாரித்து, படுக்கை தேவையா என்று முடிவு செய்து, தேவையானால் ஆம்புலன்சையும் அனுப்புவார்கள். பெரிய இடத்து சிபாரிசு பலிக்கும் சந்தர்ப்பம் இதனால் குறைந்தது. ஒழிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன்.

இது ஏன் பரவியது? மேலிடத்து உத்தரவு என்று ஒரே வார்த்தையில் முடிக்கலாம். ஆனால் விரைவு நடவடிக்கைத் திட்டமும் உத்தரவுதான். வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. வார் ரூம் வேலை செய்கிறதா இல்லையா என்பது அன்று மாலையே தெரிந்துவிடும்: போன் எடுக்கப்பட்டதா, படுக்கை கிடைத்ததா, வண்டி போனதா. எந்தக் கண்ணி எதை இழுக்கிறது என்று எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. அதோடு ஆள், போன், டாக்டர், வண்டி எல்லாம் உத்தரவோடு கூடவே வந்தன. வெறும் வழிகாட்டுக் குறிப்பு வந்து, மீதியை உன் பட்ஜெட்டில் பார்த்துக்கொள் என்று விடவில்லை. யாரை எங்கே சேர்ப்பது என்ற முடிவும் வார்டிலேயே இருந்தது. கொலாபாவும் கோவண்டியும் தங்கள் தங்கள் ஆள்பலத்துக்கு ஏற்றபடி நடத்திக்கொள்ள முடிந்தது.

அந்த நடைமுறையும் மாநகராட்சி எல்லையைத் தாண்டியபோது தடுமாறியது. 2021 மே 5ஆம் தேதி, டெல்லி ஆக்சிஜன் வழக்கை விசாரித்த உச்ச நீதிமன்றம் மும்பை செய்ததைப் பாராட்டி, டெல்லி அதிலிருந்து கற்றுக்கொள்ளலாம் என்றது. நல்ல எண்ணம்தான். ஆனால் மும்பையில் கேஇஎம், சயன், நாயர், கூப்பர் எல்லாமே மாநகராட்சியின் மருத்துவமனைகள். ஆணையர் போன் எடுத்தால் டீன் பதில் சொல்லியாக வேண்டும். டெல்லியில் அன்று மத்திய அரசுக்குச் சில மருத்துவமனை, மாநில அரசுக்குச் சில, மூன்று மாநகராட்சிகளுக்குச் சில. ஏப்ரல் 16 இரவு ஆக்சிஜன் தீரப்போகிறது என்று தெரிந்ததும் மும்பையில் ஆறு மருத்துவமனைகளிலிருந்து 168 நோயாளிகளை விடிவதற்குள் இடம் மாற்றினார்கள். எழுதிக் கொடுத்தால் அந்த இரவை டெல்லி செய்துவிடுமா? அதற்கு வேண்டிய அதிகாரம் ஒரே கையில் இல்லை. எழுதப்பட்ட நடைமுறைகளில் விட்டுப்போகும் வரி பெரும்பாலும் இதுதான்: இதைச் செய்ய யாருக்கு உரிமை இருந்தது என்ற வரி.

சுலான்ஸ்கியோடு நான் வேறுபடும் இடம் ஒன்று உண்டு. காரணம் தெளிவில்லாததை அவர் அந்த நடைமுறையின் இயல்பு போலவே எழுதுகிறார். தாராவியில் அது பாதி இயல்பு. மீதியை மனிதர்கள் செய்தார்கள். டெட்ரோஸ் பேசிய மறுநாளே பெருமைக்குப் போட்டி தொடங்கியது. ஆர்எஸ்எஸ் தொண்டர்களின் உழைப்பு என்று பாஜக தலைவர்கள் சொன்னார்கள். சிவசேனைத் தலைமையிலான அரசின் தரப்பு, மாநகராட்சியின் உழைப்பு என்றது. இந்தச் சண்டையில் ‘எங்களுக்கே முழுசாகத் தெரியவில்லை’ என்று சொல்ல எந்த அதிகாரிக்குத் துணிச்சல் வரும்? சொன்னால் அவருடைய பங்கையும் அடுத்தவர் எடுத்துக்கொள்வார். சந்தேகங்களும் தோல்விகளும் சேர்ந்த கதையைத்தான் இன்னொரு வார்டு பயன்படுத்திக்கொள்ள முடியும். வெற்றிக் கதையில் அவை இரண்டும் முதலிலேயே கழற்றி எடுக்கப்படுகின்றன. கம்பெனிகளில் வருடாந்திர விருது விழாவுக்குத் தயாராகும் பிரசன்டேஷன்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

மறுபக்கத்தில் ஒரு தமிழ்நாட்டு உதாரணம் உண்டு. 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, தன் வழியை மற்ற மருத்துவமனைகளுக்குக் கற்றுத்தர 1992இல் ‘லைகோ’ என்ற தனி நிறுவனத்தையே வைத்தது. அங்கே கற்க வரும் மருத்துவமனையிலிருந்து டாக்டர் மட்டும் வந்தால் போதாது. நிர்வாகியும் செவிலியரும் சேர்ந்து வர வேண்டும். அரவிந்த் ஆட்களும் அவர்கள் ஊருக்குப் போய்ப் பார்ப்பார்கள். ஒரு டாக்டர், அடுத்தடுத்து இரண்டு மேஜை, இதை முடித்துத் திரும்பினால் அடுத்த நோயாளி தயார் என்ற அந்த முறையில், நேரம் எங்கே மிச்சமாகிறது என்று நின்று பார்த்தாலே தெரியும். கிராமத்துப் பெண்களைப் பள்ளி முடித்ததும் எடுத்து இரண்டு வருடம் பயிற்சி கொடுக்காவிட்டால் அந்த இரண்டாவது மேஜையால் பிரயோஜனமில்லை என்பதும் கூடவே தெரியும். அதைத் தெரிந்துகொண்டு, நம்மால் முடியாது என்று திரும்பிப் போகிறவர்களும் ஏதோ ஒன்றைக் கற்றுக்கொண்டுதான் போகிறார்கள். ஆனால் கண்புரை அறுவையைப் பிரித்துப் பிரித்து அளக்கலாம். கொள்ளைநோயை அப்படி அளக்க நாளும் கிடைக்காது, ஆளும் கிடைக்காது. தாராவியை அரவிந்த் அளவுகோலால் திட்டுவது நியாயமில்லை.

சான்பாடாவில் இருந்துகொண்டு இதை எழுதுவதில் ஒரு வசதி இருக்கிறது. கழிமுகத்துக்கு இந்தப் பக்கம் நவி மும்பை மாநகராட்சி, வேறு அமைப்பு. தாராவியிலும் செம்பூரிலும் வளர்ந்து இங்கே ஃபிளாட் வாங்கி வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இரண்டு பக்கமும் உறவு. சான்பாடா அடங்கிய துர்பே வார்டிலேயே ஒரு தாராவியும் ஒரு தாதரும் இருக்கின்றன. துர்பேயின் குடிசைப் பகுதி ஒரு பக்கம், பாம் பீச் சாலைக் கோபுரங்கள் மறுபக்கம், நடுவில் ஆயிரக்கணக்கானோர் வந்துபோகும் ஏபிஎம்சி சந்தை. 2020 மே மாதம் அந்தச் சந்தையையே ஒரு வாரம் மூட வேண்டியிருந்தது. இந்த வார்டுக்கு ‘தாராவி மாடலைப் பின்பற்றுங்கள்’ என்று ஒருவர் சொன்னால், எந்தப் பாதிக்கு என்ற கேள்விதான் முதலில் வரும். சந்தைக்கோ அந்த மாடலில் ஒரு வரிகூடக் கிடையாது.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். நிறுவனங்களுக்குள் நல்ல நடைமுறை பரவாததற்கு ஆட்களின் கஞ்சத்தனத்தைக் குறை சொல்வது சோம்பேறித்தனமான விளக்கம். பிரிவுகளுக்கிடையே உள்ள மனக்கசப்பு உண்மைதான். ஆனால் அதை நீக்கினாலும் பிரச்சினை தீராது என்பதை ஜி வடக்கு வார்டு காட்டிவிட்டது. முதன்மையான தடை, பலன் எதனால் வந்தது என்பது தெரியாமலிருப்பதும், தெரியாது என்று சொல்ல அந்த நிறுவனத்தில் யாருக்கும் இடம் இல்லாதிருப்பதும். அடுத்த தடை, நடைமுறையை அனுப்பிவிட்டு அதை நடத்தும் ஆளையும் பணத்தையும் அதிகாரத்தையும் அனுப்பாமல் விடுவது. தாராவி மாடல் முதல் தடையில் விழுந்தது. வார் ரூம் இரண்டையும் மும்பைக்குள் தாண்டியது, டெல்லியில் இரண்டாவதில் மாட்டிக்கொண்டது.

இந்த முடிவுக்கு எதிராக ஒரு வலுவான வாதம் இருக்கிறது. அதை மறைப்பது சரியாகாது. இரண்டாம் அலையில், 2021 ஏப்ரல் 8ஆம் தேதி தாராவியில் ஒரே நாளில் 99 பேருக்கு நோய் வந்தது. ஜூன் 14ஆம் தேதி எண்ணிக்கை பூஜ்யம் ஆனது. அதே ஆட்கள், பெரும்பாலும் அதே வேலைகள். அப்படியானால் நடைமுறை பலித்ததற்கு இதுவே சாட்சி இல்லையா? ஓரளவுக்கு ஆம், தாராவிக்குள். அப்போது மாநிலம் முழுக்க ஊரடங்கு இருந்தது, தடுப்பூசி வரத் தொடங்கியிருந்தது, முதல் அலையில் நோய் கண்டவர்கள் ஏராளம் இருந்தார்கள். எனவே எதனால் என்ற கேள்வி அப்போதும் அப்படியேதான் நின்றது. ஆனால் அந்த வார்டு ஊழியர்களுக்கு ஒன்று நிச்சயமாகக் கைவந்திருந்தது: எந்தச் சந்தில் எந்த டாக்டர் சொன்னால் எடுபடும், எந்தக் கழிப்பறை எந்நேரம் நிரம்பும் என்ற கணக்கு. அது தாராவியிலிருந்து தாராவிக்கு, ஒரு வருடம் தாண்டிப் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி எடுத்துப் போக யாராலும் முடியவில்லை.